நீங்கள் இத்தனையாவது வாசகர்

பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதற்குள் பச்சையிலோ சிவப்பிலோ ஆறு இலக்கங்கள். பக்கத்தில் ஒரு வரி: நீங்கள் இத்தனையாவது வருகையாளர். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள், இணையத்தில் சொந்தமாகப் பக்கம் வைத்திருந்தவர்களில் ஏராளமானோர் இந்தப் பெட்டியையும் வைத்திருந்தார்கள். ஹிட் கவுண்டர் என்றார்கள், விசிட்டர் கவுண்டர் என்றார்கள். இப்போது அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மின்னி மறையும் எழுத்துகள், ஓடும் வரிகள், ‘வேலை நடக்கிறது’ என்ற மஞ்சள் பலகைகள் ஆகியவற்றோடு ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அந்த மூட்டையில் சேரவேண்டிய பொருள் இது இல்லை என்பது என் கட்சி. அந்தப் பெட்டி ஒரு நேர்மையான காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பக்கத்தின் சொந்தக்காரருக்குச் சொன்ன அதே கணத்தில் வந்தவருக்கும் சொன்னது. இருவரும் ஒரே எண்ணைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்ததைவிட அதிகமாக இவருக்கு எதுவும் தெரியாது.

எண்ணுவது சர்வருக்குப் புதிய வேலை இல்லை. ஒரு பக்கத்தை யார் கேட்டாலும், கேட்ட நேரம், கேட்ட கணினியின் ஐபி முகவரி, கேட்ட கோப்பின் பெயர் ஆகியவற்றை ஒரு வரியாகத் தன் பதிவில் எழுதிவைப்பது ஆரம்பத்திலிருந்தே அதன் வழக்கம். ஆனால் அந்தப் பதிவு சர்வரை நிர்வகிப்பவர் கையில் இருந்தது. பல்கலைக்கழகக் கணினியில் ஓர் ஓரம் கேட்டு வாங்கிப் பக்கம் போட்ட மாணவருக்கோ, ஜியோசிட்டீஸ் போன்ற இலவச இடங்களில் குடியேறியவருக்கோ அதைத் திறந்து பார்க்க வழி கிடையாது. எழுதியதை யாராவது படித்தார்களா என்று தெரிய வேண்டுமானால், யாரோ ஒருவர் மனம்வைத்து மின்னஞ்சல் போட வேண்டும், அல்லது விருந்தினர் ஏட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போக வேண்டும். படித்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள்தான் எங்கும் அதிகம். அந்தப் பேசாத வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சாதாரண ஆளுக்கு முதன்முதலில் காட்டிக்கொடுத்தது ஹிட் கவுண்டர்.

1993இல் சிஜிஐ என்ற ஏற்பாடு வந்தது. பிரவுசர் கேட்டதும் கோப்பை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், ஒரு நிரலை ஓட்டி அதன் விடையை அனுப்பவும் சர்வரால் முடிந்தது. 1995இல், அமெரிக்காவின் கொலராடோவில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த மேட் ரைட், பெர்ல் மொழியில் எழுதிய தன் சிறு நிரல்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்தார். கவுண்டரும் அதில் உண்டு. முகம்மது முக்விட் எழுதிய கவுண்ட் என்ற நிரல் இன்னும் வசதியானது. இலக்கங்களின் படங்களை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படமாக அனுப்பிவிடும். பக்கத்தில் செய்யவேண்டியது ஒரு படத்தைச் சேர்க்கும் ஒற்றை வரிதான். அந்த வரியை அடுத்தவர் பக்கத்தின் மூலத்தில் பார்த்துப் படியெடுத்து, கோப்பின் பெயரை மட்டும் மாற்றித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். நிரல் எழுதுவது என்றால் என்ன என்று பலருக்கு முதலில் புரிந்தது அங்கேதான்.

அந்த நிரலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எண் மட்டும் எழுதப்பட்ட ஒரு கோப்பைத் திற, எண்ணைப் படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுதி மூடு. இவ்வளவுதான். இப்போது கோப்பில் 41 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஒரே நொடியில் வருகிறார்கள். முதலாமவருக்காக ஓடும் நிரல் 41ஐப் படிக்கிறது. அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாமவருக்காக ஓடும் நிரலும் அதே 41ஐப் படித்துவிடுகிறது. இரண்டும் கூட்டுகின்றன, இரண்டும் 42 என்று எழுதுகின்றன. வந்தவர் இருவர், ஏறியது ஒன்று. இருவர் திரையிலும் ‘நீங்கள் 42ஆவது’ என்றே தெரியும். இதைத் தடுக்க, ஒரு நிரல் வேலை முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்படி கோப்பைப் பூட்ட வேண்டும். பூட்டும் இடத்திலும் ஒரு குழி உண்டு. எழுதுவதற்காகத் திறந்ததுமே உள்ளிருப்பது அழிந்துபோகும் முறையில் கோப்பைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு பூட்டைக் கேட்கும் நிரல்கள் நிறைய உலவின. அந்த இடைவெளியில் இன்னொருவர் வந்தால் அவருக்குக் கிடைப்பது வெற்றுக் கோப்பு. ஒன்றுமில்லாததோடு ஒன்று கூட்டினால் ஒன்று. ஆண்டுக்கணக்கில் ஏறி வந்த எண் ஒரு நொடியில் 1 ஆகிவிடும். கூட்டம் வரும் நாளில்தான் இது நேரும். யாருமே எட்டிப்பார்க்காத பக்கத்துக்கு இந்த ஆபத்தே இல்லை. படிக்கவும் எழுதவும் சேர்த்துத் திறந்து, முதலில் பூட்டி, பிறகு படித்து, கூட்டி, கோப்பின் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து எழுதுவது சரியான வரிசை. ஒன்றோடு ஒன்றைக் கூட்டும் வேலைக்கே இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. வந்த ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்று இந்த வரிசையைத் திருத்தித் திருத்தி எழுதியவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பிறகு அலங்காரம். கவுண்டரை நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்வதில் நிறம், சட்டத்தின் தடிமன், இலக்கத்தின் வடிவம் எல்லாம் வரும். கார் மீட்டரில் உருளும் இலக்கம் வேண்டுமா, டிஜிட்டல் கடிகாரத்து இலக்கம் வேண்டுமா என்பதைப் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதே பட்டியலில், நிறங்களுக்கு நடுவே, வேறு வகைத் தேர்வுகளும் கலந்து கிடந்தன. முக்விட்டின் நிரலில் இரண்டு அமைப்புகள் இருந்தன. ஒருவர் அதே பக்கத்தை மறுபடி ஏற்றினால் அதையும் கூட்டலாமா, வேண்டாமா என்பது ஒன்று. எந்தெந்தக் கணினிகளிலிருந்து வருவதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற பட்டியல் இன்னொன்று. அந்தப் பட்டியலில் முதலில் எழுதவேண்டியது சொந்தக்காரரின் கணினி. தன் பக்கத்தைத் தானே நாளுக்கு நாற்பது முறை திறந்து பார்க்கிறவர், தன் முகவரியை அங்கே எழுதுவாரா மாட்டாரா? யாரும் கேட்கப்போவதில்லை, யாருக்கும் தெரியப்போவதுமில்லை. ஒழுக்கம் பற்றிய கேள்வி இப்படி ஒரு செட்டிங் கோப்பில், ஆமாம் அல்லது இல்லை என்ற ஒரு சொல்லாக வந்து உட்கார்ந்திருக்கும்.

தொடக்க எண்ணும் அப்படித்தான். கோப்பில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதித் தொடங்கலாம். ஆளில்லாத கடைக்குள் யாரும் நுழைய மாட்டார்கள் என்ற பயத்தில் ஆயிரத்திலிருந்து தொடங்கியவர்கள் உண்டு. பயம் புரிகிறது; ஆனாலும் அது பொய்க் கணக்கு. அந்த ஆயிரம் பேரும் கடைசிவரை அந்தப் பக்கத்தில் பேய்களாக உலவிக்கொண்டே இருப்பார்கள். பத்தாயிரத்தாவது வாசகர் வரும்போது அவர் ஒன்பதாயிரத்தாவது ஆள்தான் என்பது எழுதியவருக்குத் தெரியும். இதைவிடப் பரவலாக நடந்த தவறு, தொடங்கிய தேதியைப் போடாமல் விட்டது. ‘5,000’ என்று மட்டும் சொன்னால் அது செய்தியே ஆகாது. மூன்று மாதத்தில் வந்த ஐயாயிரமா, பத்து ஆண்டில் வந்த ஐயாயிரமா? நல்ல பக்கங்களில் எண்ணுக்குக் கீழே ‘இன்ன தேதி முதல்’ என்ற சிறு வரி இருக்கும். அதைக் கண்டால் அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் மற்றதையும் நம்பலாம் என்று எனக்குத் தோன்றும்.

முன்னால் வரும் சுழியங்களும் ஒரு அறிவிப்புதான். 37 பேர் வந்த பக்கத்தில் 000037 என்று காட்டுவது, லட்சக்கணக்கில் ஆட்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம் என்று சொல்வது. தமிழ் எண்களில் கவுண்டர் வைக்க நினைத்தவருக்கு இந்தச் சிக்கலே வராது. பழைய தமிழ் எண்முறையில் சுழியம் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். முப்பத்தேழு ௩௰௭ ஆகும். அதற்கு முன்னால் வெறும் இடம் காட்டும் குறி எதையும் போட முடியாது. உள்ளது மட்டும்தான் எழுத்தில் வரும். யூனிகோடில்கூடத் தமிழ்ச் சுழியத்துக்கு 2005இல் வந்த 4.1ஆம் பதிப்பில்தான் இடம் கிடைத்தது. இன்று இடமதிப்பு முறையில் தமிழ் இலக்கங்களைக் காட்டுவது எளிது, பழைய முறையில் காட்ட நாமே பத்து வரி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிப் பார்க்கலாம், வாசகர்களில் எத்தனை பேரால் படிக்க முடியும் என்பதையும் யோசித்துக்கொண்டு. காற்புள்ளி விஷயம் அதைவிட முக்கியம். வெளிநாட்டு இலவச கவுண்டர்கள் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும். நம் கண் லட்சம், கோடி என்று படிக்கப் பழகியது. 12,34,567 என்று எழுதினால்தான் பன்னிரண்டு லட்சம் என்று ஒரே பார்வையில் பிடிபடும். இப்போதுள்ள பிரவுசர்களிடம் மொழி தமிழ் என்று சொன்னாலே போதும், காற்புள்ளியைச் சரியான இடத்தில் வைத்துவிடும். எண்ணைப் படமாகக் காட்டாமல் எழுத்தாகவே காட்டுவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. திரைவாசிப்பான் மென்பொருளைக் கேட்டு இணையத்தைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கு அந்தக் கறுப்புப் பெட்டி ஒன்றும் சொன்னதில்லை. படங்களை அணைத்துவிட்டு உலவியவர்களை அது எண்ணியதுமில்லை.

யாரை எண்ணுகிறோம் என்ற கேள்விக்கு இங்கே வந்தாக வேண்டும். ஹிட் என்பது ஆளின் கணக்கே இல்லை. பத்துப் படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் திறந்தால் சர்வரின் பதிவில் பதினொரு வரிகள் விழும். பதினொரு ஹிட். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மாதம் இத்தனை லட்சம் ஹிட் என்று நிறுவனங்கள் மார்தட்டிய காலம் ஒன்று இருந்தது. எதிர்ப்பக்கத்தில் குறைவும் நடந்தது. இணைப்புகள் மெதுவாக இருந்த நாட்களில், கல்லூரிகளும் சேவை நிறுவனங்களும் பிராக்ஸி சர்வர்களை வைத்து, ஒருமுறை வந்த பக்கத்தின் நகலைச் சேமித்துப் பின்னால் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த நகலையே கொடுத்தன. நூறு பேர் படித்தாலும் மூலப் பக்கத்துக்கு ஒருவர் வந்ததாகவே தெரியும். எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் சிலர் நகல் எடுக்கவே முடியாதபடி பக்கங்களை அமைத்தார்கள். அதனால் எல்லாருக்கும் இணையம் இன்னும் மெதுவானது. ஜெஃப் மோகல், பால் லீச் என்ற இருவர் 1997 அக்டோபரில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஆர்எஃப்சி 2227 என்ற ஆவணம் அது. நகலைக் கொடுத்த பிராக்ஸி, தான் எத்தனை பேருக்குக் கொடுத்தது என்பதை மூலப் பக்கத்துக்கு அவ்வப்போது தெரிவிக்க வேண்டும். அழகான யோசனை. யாருடைய பெயரும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். நடைமுறையில் அது பரவவில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குப் பின் பல ஆண்டுகள் நம் ஊர்களில் இணையம் என்றால் பிரவுசிங் சென்டர்தான். தடுப்புப் பலகைகளுக்கு நடுவே வரிசையாகக் கணினிகள், மொத்தத்துக்கும் ஒரே இணைப்பு, வெளியுலகுக்குத் தெரிவது ஒரே ஐபி முகவரி. ‘ஒரு முகவரியை ஒரு நாளைக்கு ஒருமுறை மட்டும் எண்ணு’ என்பது அன்றைய கவுண்டர்களில் நேர்மையான அமைப்பாகக் கருதப்பட்டது. அந்த அமைப்பின் கண்ணுக்கு, காலையில் தேர்வு முடிவு பார்க்க வந்த மாணவி, மதியம் வேலைக்கு விண்ணப்பம் போட வந்தவர், மாலையில் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேச வந்த அம்மா எல்லாரும் ஒரே ஆள். வீட்டிலும் அலுவலகத்திலும் தனித்தனி இணைப்பு வைத்திருந்த ஒருவரோ இரண்டு ஆள். வசதியுள்ளவர் இருமுறை எண்ணப்பட்டார், பங்குபோட்டுப் பயன்படுத்தியவர்கள் ஒன்றாகச் சுருக்கப்பட்டார்கள். இன்றும் கைபேசி நிறுவனங்கள் பெருந்திரளான வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. சிக்கல் இடம் மாறியிருக்கிறது, தீரவில்லை. நம் ஊர்க் கிளை நூலகத்து வாசலில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். உள்ளே வருகிறவர் பெயரெழுதிக் கையெழுத்துப் போடுவார். மாலையில் நூலகர் கோடு கிழித்து இன்று இத்தனை பேர் என்று கூட்டி எழுதுவார். அந்தக் கணக்கு சரியாக இருக்கும், ஏனென்றால் அது பெயரைக் கேட்கிறது. ஹிட் கவுண்டர் பெயரைக் கேட்கவில்லை. அதனால் அதன் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இணையத்தில் நான் முன்பின்னான கணக்கையே தேர்ந்துகொள்வேன். நூலகத்துப் பதிவேடு மேசையைவிட்டு எங்கும் போவதில்லை. இணையத்தில் சொன்ன பெயர் எங்கெல்லாம் போகும் என்பதற்கு அளவே கிடையாது.

தமிழ் வலைப்பதிவுகள் 2003வாக்கில் தொடங்கி, 2004இல் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் வந்தபின் பெருகியபோது, கவுண்டருக்குத் தமிழில் தனியாக ஒரு உயிர் வந்தது. பதிவின் வலது ஓரத்தில் எண்ணோடு கொடிகளும் வரத் தொடங்கின. ஃபிளாக் கவுண்டர் ஒவ்வொரு நாட்டின் கொடியையும் போட்டு, அதன் எதிரே எத்தனை பேர் என்று காட்டும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், கனடா, பிரிட்டன், அதற்குக் கீழே நார்வே, சுவிட்சர்லாந்து, டென்மார்க். மற்ற மொழிக்காரருக்கு அது விளையாட்டு. தமிழில் எழுதியவருக்கு அது வேறு செய்தி சொன்னது. கொடி நார்வேயுடையது, வந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ புறப்பட்டுப் போனவராக இருக்கலாம். தமிழில் எழுதிய ஒரு பக்கத்தை அந்தக் குளிர் நாட்டில் ஒருவர் தேடிவந்து திறந்தார் என்றால் அவருடைய மொழி அவரோடு இருக்கிறது என்று பொருள். தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்களின் தன்னார்வத்தால் வளர்ந்தது. அந்தச் சிதறலின் வரைபடத்தைச் சாதாரணப் பதிவர்கள் தங்கள் பக்கத்து ஓரத்தில் கொடிகளாகப் பார்த்தார்கள். பத்திரிகைகள் அறியாத வாசகப் பரப்பு அது.

ஆனால் ஃபீட்ஜிட் போன்றவை இன்னும் ஒரு படி போயின. இன்ன ஊரிலிருந்து ஒருவர் இப்போது வந்தார், இன்ன பிரவுசர், இன்ன பக்கத்திலிருந்து வந்தார் என்று எல்லார் கண்ணிலும் படும்படி ஓடவிட்டன. நாட்டுக் கொடி வரை எனக்கு மனத்தடை இல்லை. ஊர்ப் பெயர் என்றதும் தயக்கம் வருகிறது. 2009 வரை இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டுகளில், தமிழில் அரசியல் எழுதிய ஒரு பக்கத்தின் ஓரத்தில் தன் சிறு நகரத்தின் பெயர் தெரிவதை எல்லா வாசகரும் இலேசாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எண்ணுவது எங்கே முடிந்து நோட்டம் பார்ப்பது எங்கே தொடங்குகிறது என்றால், எனக்கு அந்த எல்லை ஊர்ப் பெயரில் இருக்கிறது.

கவுண்டர் இலவசமாகக் கிடைத்தது என்றேன். இலவசத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த ஒற்றை வரி, நம் பக்கத்துக்கு வரும் ஒவ்வொருவரையும் கவுண்டர் கொடுத்தவரின் சர்வருக்கும் ஒரு நடை போய்வர வைத்தது. ஒரே நிறுவனத்தின் கவுண்டர் லட்சம் பக்கங்களில் இருந்தால், ஒரே வாசகர் எந்தெந்தப் பக்கங்களுக்குப் போகிறார் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். எழுதியவருக்குத் தெரியாது, வாசகருக்கும் தெரியாது. பிறகு இலக்கங்களே மறைந்துபோய், கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படம் மட்டும் மிஞ்சியது. 2008 ஆகஸ்ட் தொடக்கத்தில் சைட்மீட்டர் என்ற கவுண்டரின் நிரலில் வந்த கோளாறால், அதை வைத்திருந்த பக்கங்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறக்கவே மறுத்தன. வருகிறவர்களை எண்ண வைத்த பொருள் வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அடுத்தவர் கையில் உள்ள ஒரு வரியை நம் பக்கத்துக்குள் விடுவது என்றால் என்ன என்று அன்று பலருக்கு உறைத்திருக்கும்.

பெரிய மாற்றம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. 2005 ஏப்ரலில் கூகுள் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் அனலிடிக்ஸ் இலவசமாக வந்தது. எத்தனை பேர் என்பதோடு, எவ்வளவு நேரம் இருந்தார்கள், எந்த வரிசையில் பக்கங்களைத் திறந்தார்கள், எங்கே வெளியேறினார்கள் எல்லாம் வரைபடங்களாகக் கிடைத்தன. எல்லாம் கடவுச்சொல்லுக்குப் பின்னால். பக்கத்தின் அடியிலிருந்த எண் உள்ளறைக்குப் போய்விட்டது. வாசகரைப் பற்றி எழுதியவருக்கு நிறையத் தெரிந்தது, இருவரையும் பற்றி நடுவிலிருந்தவருக்கு எல்லாம் தெரிந்தது, வாசகருக்கு எதுவும் தெரியாமல் போனது. ஐரோப்பாவில் 2018 மே மாதம் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2022இல் ஆஸ்திரியாவின், பிரான்சின் தரவுக் காவல் அமைப்புகள் அனலிடிக்ஸ் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பும் முறை விதிகளுக்கு முரணானது என்று முடிவு சொல்லின. இந்தியாவுக்கும் 2023இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எண்களே நம்மிடம் தங்குவதில்லை. அனலிடிக்ஸின் பழைய வடிவம் 2023 ஜூலையில் எண்ணுவதை நிறுத்தியது, அடுத்த ஆண்டு ஜூலையில் பழைய கணக்கைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது. நகல் எடுத்துவைக்காதவர்களின் ஆண்டுகள் அதோடு போயின. ஒற்றை எண் எழுதிய கோப்பை எந்தச் சர்வருக்கும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

இன்றும் எண்கள் பொதுவில்தானே இருக்கின்றன, யூடியூபில் ஒவ்வொரு காணொளிக்கும் கீழே தெரிகிறதே என்று கேட்கலாம். தெரிகிறது. கங்னம் ஸ்டைல் பாட்டு 2014இல் 2,147,483,647 என்ற எல்லையைத் தொட்டு, எண்ணும் முறையையே விரிவாக்க வேண்டிவந்ததும் எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் அந்த எண் சும்மா இருப்பதில்லை. எதை அடுத்தவருக்குக் காட்டலாம், எதைக் கீழே தள்ளலாம் என்று முடிவுசெய்யும் கணக்கில் அதுவும் சேர்கிறது. ஏறுவது மேலும் ஏறுகிறது. ஹிட் கவுண்டரின் எண்ணுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அது யாரையும் மேலே தூக்கவில்லை, யாரையும் மறைக்கவும் இல்லை. 37 என்று காட்டிய பக்கமும் 37 லட்சம் என்று காட்டிய பக்கமும் முகவரி தெரிந்து வந்தவருக்கு ஒரே மாதிரித் திறந்தன.

சிறிய எண்ணை வெளியே சொல்லக் கூச்சப்படுவது பெரும் பத்திரிகைகளிடமிருந்து நமக்கு ஒட்டிய பழக்கம். விளம்பரதாரருக்குக் காட்டுவதற்காகவே அங்கே விற்பனை எண் வேண்டியிருந்தது. தமிழில் அதற்கு நேரெதிரான ஒரு முன்னோடி இருக்கிறார். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடப்போவதில்லை, சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே இதழ் கிடைக்கும் என்று அறிவித்தார். எண்ணுக்கு உச்சவரம்பு கட்டிக்கொண்டு ஒரு பத்திரிகை பிறந்தது. அந்த வரம்பை எட்டும் நிலை அதற்கு வரவே இல்லை. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. தமிழ்ப் புதுக்கவிதை தன் காலில் நின்றது அந்தச் சிறிய எண்ணுக்குள்தான். எத்தனை பேருக்காக எழுதுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுதுவதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. சிறுபத்திரிகைகள் அதைத் தாளில் காப்பாற்றின. அவற்றின் வாரிசுகளாக இன்று நடக்கும் இணைய இதழ்களில் அந்த எண் எங்கும் தெரிவதில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திரும்பக் கொண்டுவருவது கடினமான வேலை இல்லை. சொந்த சர்வர் இடம் இருந்தால் முன்னே சொன்ன நாலு அடி நிரலே போதும். ஒரு சிறு தரவுத்தளத்தில் வைத்தால் பூட்டுப் போடும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். நிரல் எழுத வராதவர்களுக்கு, 2019இல் வந்த கோட்கவுண்டர் போலக் குக்கி வைக்காமல் எண்ணும் திறந்த மூலக் கருவிகள் இருக்கின்றன. ஒரே ஆளை இருமுறை எண்ணாமலிருக்க, ஐபி முகவரியை அப்படியே சேமிக்காமல், தினமும் மாறும் ஒரு ரகசிய எண்ணோடு கலந்து, திரும்பப் பிரிக்க முடியாத குறியாக்கி, நாள் முடிந்ததும் ரகசியத்தை அழித்துவிடும் முறையும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களைக் கழிக்க வேண்டும். புதிதாகத் தொடங்கிய பக்கத்துக்கு முதலில் வருவது பெரும்பாலும் அவைதான். என் சிறிய பக்கத்தில் நான் எண்ணை எழுத்தாகவே வைத்திருக்கிறேன், முன்சுழியம் இல்லாமல், லட்சக் காற்புள்ளியோடு. அதன் கீழே மூன்று வரிகள்: எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, ஒருவரை ஒரு நாளைக்கு ஒருமுறை எண்ணுவதால் ஒரே இணைப்பைப் பங்கிடுகிறவர்கள் விட்டுப்போகலாம், வாசகரைப் பற்றி வேறு எதுவும் சேமிக்கப்படவில்லை. எண்ணைவிட அந்த மூன்று வரிகளை எழுதத்தான் அதிக நேரம் யோசித்தேன்.

இணையத்தில் இதழ் நடத்தும் நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் எண் வேண்டாம். அது எழுத்தாளர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட வைத்துவிடும். இதழுக்கு ஒன்று, முகப்பின் அடியில் போதும். தொடங்கும்போது கோப்பில் 0 எழுதுங்கள், பக்கத்தில் தேதியை எழுதுங்கள், உங்கள் கணினியைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். இடம் மாறும்போது அந்தக் கோப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.